'ப்ளஸ் ஒன் சி'யின் அந்த அறை

'ப்ளஸ் ஒன் சி' தொடரின் முதல் சீசன் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த சீசன்களை எவனும் சீந்தவில்லை. முதல் சீசனை மட்டும் அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள்கூட ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்து அழுகிறார்கள். தாம்பரத்தில் ஏசி சர்வீசுக்குப் போகிற வீட்டிலெல்லாம் என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். "காஜாண்ணா, நீங்க அந்த அறை வாங்குற பையன்தானே? அந்த மாதிரி நடிப்பு இப்ப யாருக்கு வருது?" என்பார்கள்.

நடிப்பாவது மண்ணாங்கட்டியாவது.

சேலையூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் அதை எடுத்தார்கள். எனக்குப் பதினாறு வயசு. நண்பனாக நடித்த பிரிட்டோ என்னை உள்ளங்கையால் ஒன்று, புறங்கையால் ஒன்று அறைய வேண்டும். அந்த சீசனுக்கு ஸ்டண்ட் மாஸ்டர் கிடையாது. டைரக்டர் குமரேசன், 'நிஜமாவே அடி' என்று அவனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். அவர் 'கட்' சொல்லும்வரை யாரும் காட்சியை விட்டு வெளியே வரக் கூடாது, அதுதான் எங்கள் செட்டின் சட்டம். அவரோ மானிட்டரைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். பிரிட்டோ மாறி மாறி அறைந்துகொண்டே இருந்தான். நான் கையைத் தூக்காமல் அழுதுகொண்டு நின்றேன். இடது காதுச் சவ்வு கிழிந்து ரத்தம் காலருக்கு வந்த பிறகுதான் 'கட்'. அடுத்த சீசனில் ஸ்டண்ட் மாஸ்டர் வந்தார், எல்லாரும் காற்றில் அடித்தார்கள், ஜனங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது எனக்கு வலது காது மட்டும்தான். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். எனக்குச் சோறு போடுவது அந்தக் காது. அதில் ஓர் அடி பட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

போன மாதம் மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட் விழா. எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பிரிட்டோ இன்னும் சினிமா வாய்ப்புக்கு அலைகிறான். மேடையில் தொகுப்பாளினி, "அந்த சீன் ஒரு தடவை?" என்றதும் கூட்டம் அலறியது.

"பயப்படாத மச்சான், டம்மிதான்," என்றான் பிரிட்டோ.

டம்மியாகத்தான் அடித்தான். கூட்டம் ஊளையிட்டது. "ரியல், ரியல்" என்று கத்தினார்கள். நூறு ஃபோன்கள் மேலே எழுந்தன. அவன் முகம் மாறியது. அடுத்த அறை என் இடது கன்னத்தில் பளாரென்று விழுந்தது. உடனே புறங்கை என் வலது காதைப் பார்த்து வந்தது.

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "இது ஒண்ணுதான்டா கீது எனுக்கு," என்று கத்தினேன். மூக்கில் குத்தினேன், எலும்பு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. வாயில் குத்தினேன், அவன் பல்லில் என் விரல் கிழிந்தது. வயிற்றில் முட்டியால் இடித்தேன். அத்தனை வருஷ ஆத்திரம், சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஒருத்தராவது மேடையேறித் தடுப்பார்கள் என்று பார்த்தேன். விசிலடித்தார்கள்.

பிரிட்டோ கையைத் தூக்கவே இல்லை. மூக்கு ஒழுக, கண் சொருக, விறைத்து நின்றான். எனக்குப் பயம் வந்துவிட்டது. விழப்போனவனைச் சட்டையோடு பிடித்தேன். அவன் என் வலது காதில் வாயை வைத்தான்.

"நிறுத்தாத மச்சான். எல்லாம் வீடியோ எடுத்துகினு கீறாங்க. இன்னும் ரெண்டு வுடு. இது வைரல் ஆச்சுன்னா எனுக்கு எதுனா சான்ஸ் வரும்."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இன்னொரு கையை ஓங்கினேன், இறங்கவில்லை. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

"அதே அழுகைடி," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.