கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா கூடத்தில் உட்கார்ந்தபடி எதிரியின் எல்லையைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தார். நாலாயிரம் அடி உயரம். இடது எஞ்சினில் லேசான நடுக்கம். மேகம் விலகிக் கீழே ஆறு தெரிகிறது என்று விமானி சொன்னதும் நாற்காலி கிறீச்சிட்டது. ஆறு, பாதை, வயல் என்று ஏதாவது தெரிகிற இடம் வந்தால் அப்பா எட்டிப் பார்ப்பவர் மாதிரி முன்னால் சாய்ந்துகொள்வார்.

அப்பாவுக்குக் கண் தெரியாது. முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர். சர்க்கரை நோய் முதலில் வலது கண்ணை எடுத்துக்கொண்டது, அடுத்த வருடம் இடது கண்ணையும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். தனியாக விட முடியாது என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்த புதிதில் அவரிடம் பேச்சே இல்லை. நாள் முழுக்க எதையாவது தடவிக்கொண்டிருப்பார். மேஜை விளிம்பைத் தடவுவார், நாற்காலிக் கைப்பிடியைத் தடவுவார், தடவ எதுவும் இல்லாவிட்டால் தன் முழங்காலைத் தடவுவார். பட்டறையில் பொருள் சரியாக வந்திருக்கிறதா என்று விரலால் பார்த்த பழக்கம். பார்க்க எந்தப் பொருளும் இல்லை, பழக்கம் மட்டும் மிச்சம்.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வீடு வந்து சேர மாலையாகிவிடும். என் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஆக, பகல் பொழுதில் வீட்டில் மாமனாரும் மருமகனும்தான். அப்பாவுக்கு ஒலிப்புத்தகம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். முதலில் அகப்பட்டது ஒரு போர்விமானியின் கதை. அப்பா சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதைக் கேட்டார். முடிந்ததும், "மாப்ள, இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?" என்றார். அவர் தேடி எடுத்துக்கொடுத்தார். பனிப்பிரதேசத்தில் தபால் கொண்டுபோன விமானி, பாலைவனத்தில் விழுந்து நடந்தே ஊர் சேர்ந்தவன் என்று சாகசக் கதைகளும் உண்டு. ஆனால் அப்பாவுக்குப் பிடித்தது போர்தான். ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி, நிறுத்தும் பொத்தான் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று அதன்மேல் ஒரு பாசிமணியை ஒட்டிக்கொடுத்தவரும் அவர்தான். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றும் வாங்கிவந்தார். அப்பா ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கண்ணுதான் போச்சு. காதையும் அடைச்சுக்கிட்டா நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது மாப்ள."

அதன்பிறகு எங்கள் வீடு ஒரு விமானத்தளமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, இப்பத்தான் தரையிறங்கறான்" என்பார் அப்பா. மருமகன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "தளத்துக்குத் திரும்பியாச்சா மாப்ள?" என்பார். "திரும்பியாச்சு மாமா. எரிபொருள் காலி" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டை எடுப்பார். மேல்வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, உங்க வீட்டுக்கு வரணும்னா அனுமதி வாங்கணுமா என்று கேலி செய்வாள். அப்பாவின் முகத்தில் பழைய களை வந்திருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சண்டை நடந்த ஊரிலிருந்து வந்தவர். சண்டை பெரிதாவதற்கு முன்பே அம்மாவும் பிள்ளையுமாகக் கிளம்பிவந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஒரே பிள்ளை. என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமான மறுவருடம் அவர் இறந்துபோனார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் என் கணவர். வேலையிலிருந்து வந்து சாப்பிட்டதும் துணி துவைக்கப் போய்விடுவார். இயந்திரம் இருக்கும்போது கையால்தான் துவைப்பார், அதுவும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு. ஏன் இப்படித் தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்று நான் கத்தியிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வார். முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்றார், பிறகு வேறு வீடு அமையட்டும் என்றார், அப்புறம் காரணமே இல்லாமல் வெறும் பார்த்துக்கலாம். எட்டு வருடத்தில் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். புதுப் புத்தகம். அப்பாவுக்கு நிறுத்த மனமில்லை. ஒலிபெருக்கியை மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். ஒரு பாலத்தைத் தகர்க்கப் போகிறார்கள். முதல் சுற்றில் குண்டு குறிதவறி ஆற்றில் விழுந்துவிட்டது. விமானி வட்டமடித்துத் தாழ்வாகத் திரும்பி வருகிறான். அப்பா பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டு, "மாப்ள, இந்த இடத்தைக் கேளுங்க, எவ்ளோ தெளிவாச் சொல்றான் பாருங்க" என்று பொத்தானை அழுத்திக் கொஞ்சம் பின்னால் போனார். படிப்பவர் நல்ல குரலுள்ளவர். கரையிலிருக்கும் மரங்கள், மணல்திட்டு, படகு, புள்ளி புள்ளியாக மனிதர்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. "கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை" என்று விமானி சொன்னான்.

"பாப்பாங்க மாமா" என்றார் என் கணவர்.

அப்பா சிரித்தார். "என்ன மாப்ள?"

"நிமிர்ந்து பாப்பாங்க. நாங்க பார்த்தோம்."

அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. உப்பு குறைவு என்று சொல்வது போலத்தான் சொன்னார். குழம்பு ஊற்ற எழுந்த நான் கரண்டியோடு நின்றிருந்தேன்.

"ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தோம். நானும் தங்கச்சியும். முதல் தடவை வந்தப்போ குண்டு தண்ணியில விழுந்து எங்க மேலெல்லாம் தெறிச்சுது. அவ சிரிச்சா. திரும்பி வருதுன்னு தெரிஞ்சதும் நான்தான் அவளைக் கையாட்டச் சொன்னேன். மேலேயிருந்து பார்த்தா சின்னப் பிள்ளைங்கன்னு தெரியும், போயிடுவாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஆட்டினோம். அவ மணல்மேட்டுல ஏறி நின்னு ஆட்டினா. நல்லாத் தெரியட்டும்னு."

ஒலிபெருக்கி பேசிக்கொண்டேயிருந்தது. உயரம், வேகம், எண்ணெய் அழுத்தம். அப்பாவின் கை மேஜைமேல் அதைத் தேடியது. தட்டில் இடித்தது, தம்ளரைச் சாய்த்தது. கண்ணிருப்பவர்களைவிடச் சுலபமாக அந்த மணியைக் கண்டுபிடிக்கிற விரல்கள் அன்று எங்கெங்கோ போயின. கடைசியில் என் கணவரே எட்டி நிறுத்தினார். சாய்ந்த தண்ணீரையும் துடைத்தார்.

அப்பா கேட்டார். "பிள்ளை பேரு என்ன மாப்ள?"

"பேருன்னு ஒண்ணு வெச்சாங்க. யாரும் கூப்பிட்டதில்ல. வாலுன்னுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்துல இருக்க மாட்டா. அம்மா அப்புறம் அவளைப் பத்தி வீட்டுல பேசவே கூடாதுன்னுட்டாங்க. பேசாமப் பேசாம அப்படியே பழகிடுச்சு."

"இந்தப் புத்தகமெல்லாம் நீங்கதானே எனக்குத் தேடித் தேடி எடுத்துக் குடுத்தீங்க."

"ஆமா மாமா."

"எப்படி மாப்ள?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றார் அவர். எழுந்து மூன்று தட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் புத்தகம் காதில் விழாமலிருக்கத்தான் தினமும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எனக்கு ஒரு நாத்தனார் இருந்திருக்கிறாள். இருந்திருந்தால் கிட்டத்தட்ட என் வயது. கல்யாணத்தில் எனக்கு எடுத்த புடவையின் நிறம் சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அண்ணனுக்கு நான் சரியாகச் சமைத்துப் போடவில்லை என்று சொல்லியிருப்பாள். அவள் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாமல் எட்டு வருடம் அவள் அண்ணனின் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் அப்பாவிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் படுக்கையறையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"அதனாலதானா?"

"எதனால?"

"பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு சொன்னீங்களே."

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். "நான் சொல்றதை ஒரு குழந்தை அப்படியே நம்பும்ல" என்றார். "கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் எங்க நிக்கச் சொல்றேனோ அங்க நிக்கும். என்னால முடியலம்மா."

எனக்கு அந்த வருடம் முப்பத்தொன்பது முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவர் அருகில் உட்கார்ந்து மீதித் துணிகளை மடித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்றோடு அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியை அலமாரியில் வைக்கச் சொன்னார். என் கணவர் விடவில்லை. கடற்பயணம், மலையேற்றம், வியாபாரம் செய்து பெரிய ஆளானவர்களின் கதை என்று என்னென்னவோ எடுத்து வந்தார். அப்பா மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்பார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. தூக்கம் வருது" என்பார். மருமகன் வேலையிலிருந்து வந்தால் இப்போது தளமும் இல்லை, எரிபொருளும் இல்லை. "வந்துட்டீங்களா" மட்டும்தான். அவரும் "வந்துட்டேன் மாமா" என்பார். ஒருவரையொருவர் நோகடித்துவிடக் கூடாதென்று இரண்டு பேரும் அடி அடியாக நடந்தார்கள். நான் மாலையில் கதவைத் திறக்கும்போது, வீட்டில் ஆளே இல்லையோ என்றிருக்கும். இரண்டு பேரும் கூடத்திலேயே இருப்பார்கள், ஆளுக்கொரு மூலையில். அப்பா மறுபடி முழங்காலைத் தடவ ஆரம்பித்திருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அந்தப் புத்தகத்துல அப்படி என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்மா" என்றார். "வேற கதையில ஒரு ரூமைச் சொல்லுவான், ஒரு ஆளோட மூஞ்சியைச் சொல்லுவான். அதெல்லாம் எனக்கு வரமாட்டேங்குது, அழிஞ்சு போச்சு. ஆனா மேலேயிருந்து ஆறு இப்படி வளையுது, பாதை அப்படிப் போகுதுன்னு சொன்னா, பட்டறையில வரைபடம் பார்த்த மாதிரி டக்குனு வந்துடும். எல்லாம் தெரியும். மறுபடி கண்ணு வந்த மாதிரி." விரலை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். "இப்ப ஆறு வந்தாலே அந்தப் பிள்ளை கையாட்டுது."

பிறகு, சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். சித்தப்பா வெகுதூரத்தில் வேறு ஊரில் இருக்கிறார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டேன். அதற்கும் அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "நான் இந்தக் கூடத்துல உட்கார்ந்திருக்கற வரைக்கும் மாப்ள காதுல அது ஓடிக்கிட்டேதாம்மா இருக்கும். நான் போட்டாலும் சரி, போடலைனாலும் சரி."

என் கணவர் அவரிடம் இரண்டு நாள் மன்றாடினார். "நான் சொல்லியிருக்கக் கூடாது மாமா. தெரியாம வாயில வந்துடுச்சு. இருங்க மாமா" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அப்பா அவர் தோளைத் தேடிப் பிடித்து, "நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். எந்தத் தப்பைச் சொல்கிறார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் முடிவு மாறவில்லை. பெட்டி கட்டும்போது ஒலிபெருக்கியைத் துணிகளுக்கு நடுவே வைக்கப் போனார் என் கணவர். "அங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல மாமா, நல்லாக் கேளுங்க" என்றார். "வேணாம் மாப்ள" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

பேருந்து நிலையத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். அந்த ஊரில் இறங்கியதும் சித்தப்பா வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. என் கணவர் அப்பாவை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டில் எங்கே, மாத்திரை எந்தப் பையில், கைப்பிடி எந்தப் பக்கம் என்று அவர் கையைப் பிடித்து ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். நடத்துனரிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

அப்பா ஜன்னலோரம்தான் இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். ஆனால் நாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது குழம்பிவிட்டது அவருக்கு. அந்தப்பக்கத்து ஜன்னலை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருந்தார். அங்கே நிற்கிற எங்களைப் பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய பின்னங்கழுத்துதான் தெரிந்தது. காலையில் நான் வாரிவிட்ட முடி. எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. கூப்பிட்டால் கேட்காது. கண்ணாடியைத் தட்டலாம் என்று கையை உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் என் கணவர் இல்லை.

பேருந்தின் முன்புறமாகச் சுற்றி ஓடியிருக்கிறார். அந்தப் பக்கம் இன்னொரு பேருந்து ஒட்டி நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். நுழைந்து வந்து, அப்பாவின் முகம் எங்கே திரும்பியிருந்ததோ சரியாக அந்த ஜன்னலின் எதிரே நின்றார். இரண்டு கண்ணாடிகளுக்கும் அப்பாவின் தலைக்கும் அப்பால் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் தட்டவில்லை, கூப்பிடவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. அப்பா தலையாட்டும்போதெல்லாம் அவரும் தலையாட்டினார். பேருந்து பின்னோக்கி நகர ஆரம்பித்தது. அந்த இடுக்கில், முதுகு மற்ற வண்டியில் உரச, அவரும் அதன் கூடவே பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.