இரண்டாவது இட்லி

யுகேந்திரனுக்கு வாய் நீளம். மலேசியாவில், ஸ்கூடாய்ப் பக்கம் எந்தக் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தாலும் அவனுக்குத்தான் முதல் அழைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு, ஜப்பான் மீது அணுகுண்டு போட்டது நியாயமா, அநியாயமா என்பது. நியாயம் என்று பேச அவன்தான் துணிந்தான்.

அவனிடம் விஷயமும் இருந்தது. அவனுடைய கொள்ளுத்தாத்தா வீரமுத்துவை ஜப்பான்காரர்கள் காஹாங் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் போனவர்கள் பலர் காலராவில் அங்கேயே மாண்டார்கள். குண்டு விழுந்து ஜப்பான் சரணடைந்த பிறகுதான் வீரமுத்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்.

"அந்தக் குண்டு விழலேன்னா இன்னிக்கு இந்த மைக்கு முன்னால நான் இல்ல" என்று அவன் சொன்னபோது மண்டபம் வாயடைத்துப் போனது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஹிரோஷிமா இலையில ஒரு இட்லி வெச்சாங்க. பத்தலேன்னு உக்காந்திருந்தான். சரின்னு நாகசாகி இலையில சுடச்சுட இன்னொண்ணு வெச்சாங்க லா. அப்புறம்தான் இலைய மடிச்சான்."

மண்டபம் குலுங்கியது. எதிரணியில் இருந்த வாசுகிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் மொரிதா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். யுகேந்திரன் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேலாளர் அந்த ஜப்பானியப் பெண்மணி. கோயில் விழாவைப் பார்க்க ஆசைப்பட்டவரை அவனே அழைத்து வந்திருந்தான். தலைப்பை மட்டும் சொல்லவில்லை. தமிழ் தெரியாதவருக்கு என்ன புரிந்துவிடும் என்ற தைரியம்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் அவனைத் தேடி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"யுகேன், நீங்க நாகசாகின்னு சொன்னது கேட்டுச்சு" என்றார் ஆங்கிலத்தில். "எங்கம்மா அந்த ஊருதான். அவங்க பொறக்கறதுக்கு முன்னாலயே அவங்க அக்கா ரெண்டு பேரும் அந்தக் குண்டுல போயிட்டாங்க. இவ்வளவு தூரத்துல அவங்கள நெனைக்கிறீங்க. இந்த வீடியோவ அம்மாவுக்கு அனுப்பணும். நீங்க பேசினத இங்கிலீஷ்ல எழுதித் தர்றீங்களா?"

சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினார். யுகேந்திரனுக்கு 'சமாதானத்தப் பத்திப் பேசினேன்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். முதலில் வீரமுத்துவின் கதையைச் சொன்னான்.

"எனக்குப் பள்ளிக்கூடத்துல இத சொல்லித் தரல" என்றார் மொரிதா. "மன்னிச்சிடுங்க."

அவர் மன்னிப்புக் கேட்டதுதான் அவனைக் கொன்றது. கொள்ளுத்தாத்தா பட்ட பாட்டைச் சொன்னதில் பாவம் இல்லை. நாலு பேர் கைதட்டலுக்காக, செத்துப்போன பெண்களைப் பலகாரமாக்கியதுதான் பாவம். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. இட்லியையும் சொன்னான், இலை மடித்ததையும் சொன்னான், ஒன்றையும் குறைக்காமல்.

மொரிதா கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிச்சது அதுக்கா?"

"ஆமா, மேடம்."

"நடுவுல வேற ஏதோ ஜோக்குன்னு நெனச்சு, எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு நானும் சிரிச்சேன், யுகேன். போன் என் கையில இருந்துச்சு. வீடியோவுல பெருசா கேக்கறது என் சிரிப்புத்தான்."