வாலுவின் விலாவில் ஒரு குச்சி

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கியதும் அவள் வாலுவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். வாலு சோற்றைத் தொட்டே சில நாளாகிவிட்டது. விலாவில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். போன வருஷம் அப்பா போனபின் அவருடையது என்று வீட்டில் மூச்சுவிடுவது இந்த நாய் ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்?

“இதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா மரம், மூங்கில்னா எக்ஸ்ரேல சரியாத் தெரியாது. ஸ்கேன் பாத்துடலாம்.”

முடியை மழித்து, பசை தடவி, கருவியை உருட்டினார். திரையின் சாம்பல் மூட்டத்துக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே கறுப்பாக நிழல்.

“குச்சி. வயித்தக் குத்திட்டு வெளிய வந்து சீழ் கட்டியிருக்கு. வீட்ல யாராவது குடுத்தீங்களா?”

“ஐயோ, குச்சியா? எங்க வீட்லயா?”

“இப்ப முழுங்கினது இல்லம்மா. மாசக்கணக்கா உள்ள நகந்திருக்கு.”

அறுத்து எடுத்ததைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குச்சி ஐஸின் மூங்கில் குச்சி!

அட அப்பா! சர்க்கரை என்று அவருக்கு ஒரு பிஸ்கட்டைக்கூடக் கண்ணில் காட்டாதவள் அவள். “எப்படிப்பா ஏறுது?” என்று பரிசோதனைக் கருவியோடு மல்லுக்கு நிற்பாள். “மெஷின் புளுகுதும்மா” என்பார் மனிதர், பச்சைக் குழந்தை மாதிரி. சாயங்காலமானால், “நடைக்குப் போலாமாடா?” என்று ஒரு குரல். வாலு வீட்டையே இரண்டாக்கிவிடும். திரும்பி வரும்போது இரண்டு பேரும் நாக்கால் உதட்டைத் துழாவிக்கொண்டே வருவார்கள். இப்போது அவள் கூட்டிப்போனால் தெருமுனை ஐஸ் வண்டியருகே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. கொழுப்பு என்று நினைத்துத் தரதரவென்று இழுத்து வந்திருக்கிறாள்.

“மாட்டிக்கிட்டீங்கப்பா,” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மயக்கம் தெளிய வேண்டிய நேரம் தாண்டியும் வாலு கண் திறக்கவில்லை. டாக்டரம்மா ரத்த ஓட்டம் அறிய ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு, “கூப்பிட்டுப் பாருங்க,” என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அசைவில்லை. தடவினாள், கெஞ்சினாள். பிறகு குனிந்து, அதன் காதுக்குள் அப்பாவின் இழுவையோடு, “நடைக்குப் போலாமாடா?” என்றாள்.

இரும்பு மேசையில் வால் ஒருமுறை தட்டியது.