ஏழு ரொட்டிக்குப் பிசைந்த மாவு

கொப்பரையில் எண்ணெய் ஊற்றியாயிற்று. மாவை ஏழு உருண்டையாக்கிப் பலகையில் அடுக்கியாயிற்று. எண்ணெய் புகைய வேண்டியதுதான் பாக்கி. அனார்குல் மாவுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அலமாரி மேலிருந்த கைபேசியை இன்னொரு தரம் பார்த்தாள். அது செத்த எலி மாதிரிக் கிடந்தது.

வியாழக்கிழமை. கோச்கோர் என்ற அந்த மலையூரில் வியாழக்கிழமை பிற்பகலானால் தெருவெல்லாம் ரொட்டி பொரிக்கும் எண்ணெய் வாசம் அடிக்கும். செத்துப்போனவர்கள் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்து பசியாறிப் போவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அனார்குல் வீட்டில் மட்டும் அந்த வாசம் எழுந்ததில்லை. "பெத்த அப்பனப் பட்டினி போடுறவ" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கிறிஸ்தவன் என்று அவள் புருஷனைப் புதைக்க ஊர் இடுகாட்டில் இடம் தர மறுத்தார்கள். அப்போதும் அவள் அசையவில்லை. இப்போது ஊரார் யாரும் கேட்காமலே எண்ணெய் காய வைத்திருக்கிறாள். மகனுக்காக.

எர்மெக் கட்டட வேலைக்கென்று ரஷ்யாவுக்குப் போனவன். வசந்தத்துக்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. கூடப் போன பையன்களில் சிலரைப் போர்முனைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சந்தையில் பேச்சு அடிபட்டது. அவள் சோறு தண்ணீர் மறந்து கிடந்த சமயத்தில்தான் எல்லைக்கு அப்பாலிருந்து, அல்மாட்டி நகரத்து ஷெராலி வந்து சேர்ந்தான். தீர்க்கதரிசி என்றார்கள். வந்த அன்றே அவள் தலையில் கை வைத்து, "வர்ற வியாழக்கிழமை உங்க போன் அடிக்கும்" என்றான்.

அடித்தது. போன வியாழக்கிழமை, இதே பொழுதில். "அம்மா" என்றது ஒரு குரல். இரைச்சல். அவ்வளவுதான். அதே எண்ணுக்கு அவள் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

அதற்கு மேல் ஷெராலி எதைச் சொன்னாலும் அவளுக்கு அது கல்லில் எழுதியது. தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகாதே, அதிகாரிகளிடம் மனு கொடுக்காதே, அது அவிசுவாசம் என்றான். போகவில்லை. நேற்று அடுத்த சேதி வந்தது. இயேசு அவனுக்குத் தரிசனத்தில் தோன்றினாராம். பக்கத்தில் அனார்குலின் தகப்பன் பசியோடு நின்றாராம். இயேசுவின் நாமத்தில் ஏழு ரொட்டி சுட்டால் கிழவர் வந்து பேரன் இருக்கும் இடத்தைச் சொல்வாராம்.

திரையை இழுத்துவிட்ட அறையில் சபை கூடியிருந்தது. சபை என்றால் மொத்தமே ஒரு பாய் கொள்ளும் கூட்டம். இன்று அதிலும் பாதிதான் வந்திருந்தது: அவள் கொழுந்தன் தெமிர்கான், அவன் பெண்டாட்டி பாத்மா, சுவரோரம் வாய் திறக்காத இரண்டு பெண்கள். ஷெராலி அடுப்பருகே கண்ணை மூடி நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் பாத்மா.

"வாய மூடுடி" என்றான் தெமிர்கான்.

"நான் உன்னக் கேக்கல, அக்காவக் கேக்குறேன். நம்ம சபையில யார் வந்து என்ன சொன்னாலும் நாம முதல்ல என்ன கேப்போம்?"

பதில் அனார்குலுக்குத் தெரியும். இந்தச் சபையைத் தொடங்கிய தொலோன் ஒரே ஒரு சட்டம்தான் வைத்துவிட்டுச் செத்தார். ஆண்டவர் சொன்னார் என்று எவன் வந்தாலும், எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று கேட்க வேண்டும். அவன் காட்டும் வசனத்தோடு நிற்காமல் அந்த அதிகாரத்தை முழுக்க வாசிக்க வேண்டும். தொலோனையே அப்படிக் கேட்டு மடக்கியிருக்கிறார்கள். ஷெராலியை மட்டும் யாரும் கேட்கவில்லை. போன் அடித்த பிறகு யாருக்குக் கேட்க வாய் வரும்?

"போன் அடிச்சுது பாத்மா" என்றாள் அனார்குல்.

"அடிச்சுது. நான் இல்லேங்கல. அல்மாட்டி ஆப்பிள் கூடத்தான் பாக்க செவசெவன்னு இருக்கு. கடிச்சா பாதிப் புழு."

சுவரோரத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். ஷெராலி கண்ணைத் திறந்தான். கோபப்படவில்லை.

"கேக்கட்டும். எங்க எழுதியிருக்குன்னுதானே கேக்குற? எழுத்து கொல்லும், ஆவிதான் உயிர் கொடுக்கும். இதுவும் எழுதியிருக்கு. செத்தவங்க வந்து பேசினதும் எழுதியிருக்கு. சவுல் ராஜாவுக்குச் செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேல் எழும்பி வரல? முதலாம் சாமுவேல், இருபத்தெட்டாம் அதிகாரம். வந்தாரா இல்லையா?"

"வந்தாரு அண்ணே" என்றான் தெமிர்கான். "அண்ணி, எண்ணெய் காஞ்சிருச்சு. போடு."

எண்ணெயின் மேல் மெல்லிய புகை எழும்பிவிட்டது. அனார்குல் முதல் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள். அது வட்டமாகப் படர்ந்தது. கொப்பரைக்கு மேலே கையை நீட்டினாள். சூடு மணிக்கட்டைச் சுட்டது. போட்டுவிட்டால் முடிந்தது. மகன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

முழுக்க வாசிக்க வேண்டும்.

தொலோன் செத்து மண்ணாகிவிட்டார். ஆனாலும் சட்டம் அவள் மண்டைக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. வட்டத்தைப் பலகையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் இருந்த வேதாகமத்தை எடுத்தாள். தாள்களில் மாவு ஒட்டியது.

"அக்கா, நேரம் போகுது" என்றான் ஷெராலி.

"நீங்க சொன்ன அதிகாரம்தான். வாசிச்சிட்டுப் போடுறேன்."

சத்தமாக வாசித்தாள். பரலோகம் தனக்குப் பதில் சொல்லவில்லை என்று தவித்த ராஜா. மாறுவேடத்தில் குறி சொல்லுகிறவளைத் தேடிப் போகிறான். மண்ணுக்குள்ளிருந்து கிழவர் சாமுவேல் எழும்பி வருகிறார். அதுவரை ஷெராலி சொன்னபடியேதான் இருந்தது. தெமிர்கான் தலையை ஆட்டினான். அவள் நிறுத்தாமல் மேலே போனாள். கிழவர் வாயைத் திறக்கிறார். ஆறுதல் ஒரு சொல் இல்லை. நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார்.

அந்த வரியை அவள் மறுபடி வாசித்தாள்.

"பிள்ளைகளா?" என்றான் தெமிர்கான். "எவன் பிள்ளைங்க?"

"அவன் பெத்த பிள்ளைங்க. கேட்டவனோட பிள்ளைங்க."

"சொன்னபடி செத்தாங்களா?"

"மறுநாளே. அத்தனையும் அப்படியே நடந்துது."

பாத்மா எட்டிப் பார்த்துக் கடைசி வரிகளில் விரலை வைத்தாள். "இங்க பாரு அக்கா. அந்தக் குறிகாரியும் மாவு பிசைஞ்சு ரொட்டி சுட்டிருக்கா."

அனார்குல் அதே வேதாகமத்தில் நாளாகமம் என்ற புத்தகத்தைப் புரட்டினாள். ராஜா ஏன் செத்தான் என்று அங்கே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. கர்த்தரைத் தேடாமல் குறிகாரியைத் தேடினான், அதனால் செத்தான்.

"எழுத்து கொல்லும்னு சொன்னேன்ல?" என்றான் ஷெராலி. அவன் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் நடிக்கவில்லை. "அக்கா, நான் உங்க மகனுக்காக மூணு ராத்திரி முழங்கால்ல நின்னேன். போன் அடிக்கும்னு சொன்னேன். அடிச்சுதா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அடிச்சுது."

"யார் அடிக்க வச்சது?"

அவளுக்குத் தெரியவில்லை. தற்செயலா, தந்திரமா, வேறெதுவுமா? அந்த ஒரு சொல், அந்த "அம்மா", அவள் நெஞ்சில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டேயிருந்தது. விரல்கள் மட்டும் தாமாகவே பின்னோக்கிப் புரட்டின. மோசேயின் ஐந்தாம் புத்தகம், பதின்மூன்றாம் அதிகாரம். தொலோன் அவர்களை மனப்பாடம் செய்ய வைத்த இடம். அன்றைக்கு அவளுக்கு அது வெறும் மனப்பாடம்.

"தம்பி" என்றாள். இதுவரை அவனை அவள் அப்படி அழைத்ததில்லை. "ஒருத்தன் அடையாளம் சொல்லுவான், அது நடக்கவும் செய்யும்னு போட்டிருக்கு. நடந்தப்புறம் வேற சாமி பக்கம் கூப்பிடுவான். போகாத. நீ என்னை முழு மனசோட நேசிக்கிறியான்னு கர்த்தர் சோதிக்கிறாருன்னு போட்டிருக்கு. நடக்காதுன்னு சொல்லல. நடந்தாலும் போகாதன்னு சொல்லுது."

"நான் இயேசு பேரைத்தானே சொன்னேன்!"

"பேரைச் சொன்னீங்க. ரொட்டிய எங்கப்பனுக்குச் சுடச் சொன்னீங்க."

கந்தலைக் கையில் சுற்றிக் கொப்பரையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. பாத்மா ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைத் தரையில் இறக்கினார்கள். எண்ணெய் தளும்பி அனார்குலின் கால்விரலில் தெறித்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

ஷெராலி மேலங்கியை மாட்டிக்கொண்டான். கதவருகே நின்று, சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னான்: "அந்த போன் இனி அடிக்காது. பையன் ரத்தப்பழி உங்க தலைமேல."

மாவு ஒட்டிய வேதாகமத்தை மூடி அனார்குல் ஜன்னலோரம் வைத்தாள்.

"பஸ் நிலையம் தெரியுமில்ல?" என்றாள் பாத்மா. "இல்ல, அதையும் தரிசனத்துலதான் பாக்கணுமா?"

தெமிர்கான் பெண்டாட்டியை முறைத்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஷெராலியின் பின்னாலேயே போனான். சுவரோரப் பெண்களில் ஒருத்தியும் எழுந்து போய்விட்டாள். போகும்போது அனார்குலைப் பார்க்கவில்லை.

ஏழு உருண்டையையும் ஒன்றாகப் போட்டு அனார்குல் மறுபடி பிசைந்தாள். எது முதல், எது ஏழாவது என்று தெரியாதபடி பிசைந்தாள். முற்றத்துத் தந்தூர் அடுப்பை மூட்டி, இருக்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி வட்டம் தட்டி உட்சுவரில் அறைந்தாள். எண்ணெய் வாசம் போய்ச் சுட்ட மாவின் வாசம் வந்தது. கைபேசி அவள் மேலங்கிப் பையில் கிடந்தது. அது அடிக்கவில்லை. மலைமேல் பனி சிவந்து, சாம்பல் நிறமாகி, இருண்டது. அப்போதும் அடிக்கவில்லை.

தெமிர்கான் தனியாகத் திரும்பி வந்தான். முற்றத்தில் நின்றபடியே ஒரு ரொட்டியைப் பிய்த்தான்.

"அழுதுக்கிட்டே பஸ் ஏறினான் அண்ணி. அவன் சொன்னது நிஜமா இருந்தா?"

"இருக்கலாம்."

"அப்புறம்?"

"நாளைக்கு விடிஞ்சதும் வண்டிய எடு. பிஷ்கெக் போகணும். எர்மெக்கோட போட்டோ, பாஸ்போர்ட் நகல், அவன் கூடப் போன பையன்களோட பேரு, எல்லாத்தையும் எடுத்து வைக்கிறேன். மந்திரி ஆபீஸ், ரஷ்யத் தூதரகம், ஒண்ணு விடாம ஏறணும். போன வாரமே செஞ்சிருக்க வேண்டியது."

அவன் தலையாட்டினான். பாத்மா தேநீர் ஊற்றினாள். அனார்குல் கைபேசியைச் சார்ஜரில் சொருகிவிட்டு, முகம் தெரிவதுபோல மகனின் போட்டோ ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.