பச்சைக் காரும் ஒடிந்த ஸ்பிரிங்கும்

ஸ்பிரிங் ஒடிந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன்.

மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கதவு அது. அதற்கு மேலே குறுக்குத் தண்டில் இருந்த ஸ்பிரிங் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் நான்கு விரல் இடைவெளி. பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. வடக்கு மினசோட்டாவில் ஜனவரி மாதம் இது யார் வீட்டிலும் நடப்பதுதான். இந்தக் குளிரில் இரும்பும் களைத்துப்போகும்.

கதவுக்கு உள்பக்கம் மரிசெலாவின் பச்சைக் கார் நின்றது. மரிசெலா என் மனைவி. அக்டோபரில் இறந்துபோனாள். அன்றிலிருந்து கார் எங்கும் போகவில்லை. வாரம் ஒருமுறை கதவைத் திறந்துவைத்து, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைப்பேன்.

அன்று மதியம் அவள் தங்கை யதிரா பஸ்ஸில் வருவதாக இருந்தது, அந்தக் காரை எடுத்துப்போக. திங்கட்கிழமை மினியாபொலிஸுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். அங்கே பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. போனில் கேட்டாள், சரி என்றேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கார் போவதை நான் விரும்பவில்லை. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அதனால் ஒடிந்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான் யதிராவின் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

ரிப்பேர்க் கடைக்குப் போன் செய்தேன்.

"அடுத்த வியாழனுக்கு முன்னாடி ஆள் இல்லீங்க. ஊர்ல பாதிப் பேர் வீட்ல இதே கதைதான்."

"ஸ்பிரிங் மட்டும் குடுப்பீங்களா?"

"குடுப்பேன். நீங்களே மாட்டப் போறீங்களா? அப்ப ஆஸ்பத்திரி நம்பரையும் பக்கத்துல வெச்சுக்குங்க."

ஒடிந்ததை அளந்தேன். கம்பியின் தடிமன், உள்வட்டத்தின் அகலம், மொத்த நீளம், இடப்பக்கச் சுற்றா வலப்பக்கச் சுற்றா. இந்த நான்கும் சரியாக இருக்க வேண்டும். கதவின் எடையைத் தூக்குவது மோட்டார் இல்லை, முறுக்கேறிய ஸ்பிரிங். மோட்டார் சும்மா தொட்டு நகர்த்தும், அவ்வளவுதான். ஸ்பிரிங் சிறியதாகப் போனால் கதவு கல்லாகக் கனக்கும். பெரியதாகப் போனால் கையை விட்டுப் பறக்கும்.

வாசலில் நின்ற என் வண்டியின் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகிவைத்த கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கடைக்குப் போய் வாங்கிவந்தேன். திரும்பும்போது பக்கத்து வீட்டு லொரெய்ன் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். என்னைவிட இருபது வயது மூத்தவள்.

"ஆர்லன், கையில என்ன அது, மலைப்பாம்பா?"

சொன்னேன்.

"அதை முறுக்குற கம்பி ரெண்டு எங்கிட்ட இருக்கு. தரட்டுமா?"

"பரவாயில்லை, நான் ஏதாவது பண்ணிக்கிறேன்."

"சும்மாதானப்பா கெடக்கு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"என் வீட்டுக்காரன் ஓடிப்போனப்ப விட்டுட்டுப் போன உருப்படியான சாமான் அது ஒண்ணுதான். எடுத்துக்கோ."

"சரி, தாங்க."

எங்கள் ஊரில் இப்படித்தான். மூன்றாவது தடவை சொன்னால்தான் வாங்கிக்கொள்வோம். முதல் தடவை வேண்டாம் என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. மரிசெலா டெக்ஸாஸ்காரி, எல் பாஸோவில் பிறந்தவள். அவளுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு தடவை கேட்பாள். வேண்டாம் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கல்யாணமான புதிதில் நான் பல இரவு பசியோடு படுத்திருக்கிறேன்.

யதிரா வந்தாள். இரண்டு கோட்டு, ஒன்றின்மேல் ஒன்று. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"கூன்யாதோ!" என்று கட்டிக்கொண்டாள். அக்கா கணவனை அவர்கள் ஸ்பானிஷில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது ஊரா, ஐஸ் பெட்டியா? எங்க அக்கா உன்னை ரொம்பத்தான் லவ் பண்ணியிருக்கா, பாவி."

ஸ்பிரிங்கைக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"இப்ப கார் வெளிய வராதா?"

"வரும். மாட்டிடலாம்."

லொரெய்னையும் கூப்பிட்டு மூன்று பேரும் கதவைத் தூக்கிப் பார்த்தோம். பழைய கெட்டி மரக்கதவு. முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்டது. லொரெய்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மோட்டாரின் வயரைப் பிடுங்கினேன். கதவு திடீரென்று மேலே போகாதபடி அது ஓடும் தடத்தில் குறடைக் கவ்வவிட்டேன். தண்டை உருவி, ஒடிந்த துண்டுகளைக் கழற்றி, புதியதைக் கோத்து, இரண்டு ஓரத்து உருளைகளிலும் கதவை இழுக்கும் வடக்கம்பியை இறுக்கினேன். யதிரா விளக்கைப் பிடித்தாள். சுவரோரமாகப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. சாவுக்கு அக்கம்பக்கத்தார் செய்து கொண்டுவந்தவை. அடியில் அவரவர் பெயரை ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள். உள்ளே உருளைக்கிழங்கும் கறியும் கல்லாக உறைந்திருந்தன.

"இதெல்லாம் என்ன, மியூசியமா?"

"அப்புறம் சாப்பிடலாம்னு வெச்சேன்."

"எப்ப, உன் அறுபதாம் வயசுலயா?"

முறுக்குவதற்கு முன் ஸ்பிரிங்கின் நீளத்துக்கும் ஒரு நேர்கோடு போட வேண்டும். ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் கோடு ஒருமுறை சுற்றிக்கொள்ளும், எண்ணிக்கை தவறாது. சாக்பீஸ் இல்லை. யதிரா காருக்குள் துழாவி ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துவந்தாள். என்னிடம் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தாள்.

"இந்தக் கலர் அக்காவுக்கு நல்லாவே இருக்காது. நான் சொன்னா கேக்கமாட்டா."

நான் ஏணியில் ஏறினேன். ஸ்பிரிங்கின் தலையில் நான்கு துளைகள். ஒரு கம்பியைச் செருகி மேல்நோக்கித் தள்ள, கால் சுற்று. அதைப் பிடித்தபடி அடுத்த துளையில் மற்றதைச் செருகி, முதல் கம்பியை உருவ வேண்டும். கதவு எத்தனை அடியோ அத்தனை சுற்று, கூட ஒரு அரைச் சுற்று. தொடக்கத்தில் இலேசாக இருந்தது. போகப்போகக் கம்பி கையை எதிர்த்தது. சிவப்புக் கோடு கயிற்றைப்போல் சுற்றிக்கொண்டே வந்தது.

பாதி தாண்டியதும் கம்பியைப் பிடித்தபடியே ஓய்ந்து நின்றேன். இப்போது பிடியை விட்டால் கம்பி திரும்பி எதிரே இருப்பதை அடிக்கும். எதிரே இருந்தது என் முகம். அது தெரிந்தும் நகரத் தோன்றவில்லை. பயமும் இல்லை.

"கூன்யாதோ."

"ம்."

"பக்கத்துல தள்ளி நில்லு."

"முடியப்போகுது."

"தள்ளி நில்லுன்னேன். எங்க வீட்டுக்கு ஒரு சாவு போதும். எங்கம்மா துக்கத்துக்குப் போட்ட கறுப்புத்துணியை இப்பத்தான் மடிச்சு வெச்சிருக்காங்க."

தள்ளி நின்றேன். மீதிச் சுற்றுகளை முறுக்கித் திருகுகளை இறுக்கினேன். ஏணியிலிருந்து இறங்கினேன்.

குறடை எடுத்துவிட்டுக் கதவை ஒரு கையால் தூக்கினேன். வந்தது. இடுப்பு உயரத்தில் கையை எடுத்தேன். அங்கேயே நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முறுக்கு சரி என்று அர்த்தம். கீழே உள்ள இடைவெளியில் பனி வெளிச்சம் காரின் சக்கரம்வரை வந்தது.

யதிரா சாவியை வாங்கி ஒரு கணம் தயங்கினாள்.

"நான் இதை எடுத்துட்டுப் போறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லையில்லை. எடுத்துக்கோ."

அவள் தலையாட்டிவிட்டுக் கதவை முழுக்கத் தூக்கினாள். காரில் உட்கார்ந்து சீட்டை முன்னே இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது. நான் சுவரோரம் காத்து நின்றேன். எதற்கென்று கார் பின்னால் நகர்ந்தபோதுதான் புரிந்தது. அவள் இரண்டாவது தடவை கேட்பாள் என்று நின்றிருக்கிறேன். அவர்கள் வீட்டில் இரண்டாவது தடவை கிடையாது.

வாசலுக்கு ஓடி ஜன்னலைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கினாள்.

"கஷ்டமா இருக்கு" என்றேன்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"தெரியல."

"எனக்குக் கார் வேணும், கூன்யாதோ. வேற வழி இல்ல."

"தெரியும். எடுத்துக்கோ. சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்கினாள். அழுதாளா, குளிரா, தெரியவில்லை. "மாசம் ஒருவாட்டி ஓட்டிட்டு வருவேன். அந்த மியூசியத்தைக் காலி பண்ணி வை" என்றாள். மறுபடி எஞ்சின் கிளம்பியது. தெருமுனையில் வலதுபுறம் விளக்குப் போட்டுத் திரும்பிப் போனாள்.

கராஜுக்குள் வந்து கதவைப் பிடித்து இழுத்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. மேலே சிவப்புக் கோடு, சுற்றுச்சுற்றாக. கீழே கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. நிறைய இடம் இருந்தது.

லொரெய்னின் கம்பிகளையும், அடுக்கிலிருந்து அவள் பெயர் ஒட்டியிருந்த பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"முடிஞ்சுதா? கை காலெல்லாம் இருக்கா?" என்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள், உள்ளே இருந்ததையும் பார்த்தாள். கையில் வாங்கிக்கொண்டாள். "சூப்பு அடுப்புல இருக்கு. ஒரு வாய் சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

லொரெய்ன் இரண்டாவது தடவை சொல்வதற்கு வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு மூடிக்கொண்டு, நான் உள்ளே வர வழிவிட்டாள்.