ஆளுக்கு ஒரு காது

என்னை வீட்டுப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று என் மாமியார் கேசரி கிளறினார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷமாகத் தையல் லைனில் இருக்கிறேன். அதே கம்பெனி எங்கள் பள்ளிகொண்டாவில் புது யூனிட் திறக்கிறது. வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். என் கணவர் சுந்தரமூர்த்தி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பெயரில் மனு கொடுத்து, ஆர்டரையும் வாங்கி வந்துவிட்டார். எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறாராம்.

"இனிமே பஸ்ல இடிபட வேணாம் குழலி. மத்தியானம் வூட்டுக்கே வந்து சாப்ட்டுக்கலாம்" என்றார்.

"அப்டியே ஒரு கொழம்ப வச்சிட்டுப் போய்டலாம்" என்றார் மாமியார், இன்னொரு கரண்டி நெய்யை விட்டபடி.

என் கேசரியைப் பையன் தட்டில் தள்ளினேன். இடிபட வேண்டாமாம்! அந்த பஸ்ஸில்தான் நான் ஒரு மனுஷியாக இருந்தேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

கம்பெனி பஸ் சத்துவாச்சாரியில் கிளம்பும். என் சிநேகிதி தூபா அங்கேயே ஏறி, இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பாள். ஜன்னல் இல்லாவிட்டால் அவளுக்கு வாந்தி வரும். நான் பள்ளிகொண்டாவில் ஏறுவேன். ஆம்பூருக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அந்த எண்பது நிமிடம் நான் யாருக்கும் மருமகள் இல்லை, அம்மா இல்லை, பதினேழாம் நம்பர் மெஷினும் இல்லை.

தூபா மாதிரி ஷூ தைக்கும் சாம்பிள் ரூமில் வேலை செய்பவள். அங்கே டிசைன் பார்க்க வந்த ஓர் இத்தாலிக்காரர் வேலை நேரம் முழுக்கப் பாடகரே இல்லாத பாட்டு போட்டுக்கொண்டிருந்தாராம். தூபா ஒரு தோல் துண்டில் அதன் பெயரை எழுதி வாங்கி வந்தாள். "இதுக்குப் பேரு ஜாஸாம். கேளுக்கா." முதல் மூன்று நாள் எனக்கு எரிச்சல்தான். நாலாம் நாள் சாக்ஸபோன் எதையோ சொல்ல வந்து, மேலே மேலே ஏறி, சொல்லாமலேயே திரும்பிப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வீட்டில் தினமும் செய்வதை அந்த ஆள் ஊதிக் காட்டிவிட்டார்.

அதிலிருந்து வாரத்துக்கு ஓர் ஆல்பம். ஒரு வாரம் அவள் கண்டுபிடித்து வருவாள், ஒரு வாரம் நான். பெரும்பாலும் அறுபது வருஷத்துப் பழைய ரெக்கார்டுகள். கலைஞர்களின் பெயர் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். என் சாக்ஸபோன்காரர் 'பெருமூச்சு'. அவளுடைய டிரம்ஸ்காரர் 'பஞ்சாட்சரம்'. பஞ்சாட்சரம் எங்கள் கட்டிங் பிரிவில் தோல் வெட்டும் மெஷினில் நிற்பவர். அவர் வெட்டினால் அந்த ஹாலே தாளம் போடும்.

இயர்ஃபோன் ஒன்றுதான். L என்று போட்டது என் இடது காதுக்கு, R அவள் வலது காதுக்கு. வீட்டில் தனியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மருமகளை நீங்கள் எந்த வீட்டிலாவது பார்த்ததுண்டா? போதாததற்கு என் போன் பையன் கைக்குப் போய்விடும். தூபா வீட்டிலும் அதே கதை. உள்ளே போனதும் அவள் போன் தங்கையின் பாடத்துக்குப் போய்விடும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை உண்டு.

"பஞ்சாட்சரம் இன்னா பின்றாரு பாத்தியா?" என்பாள்.

"எங்கடீ? எனக்கு ஒண்ணும் பெருசா கேக்கலயே. பெருமூச்சு ஒருத்தருதான் உயிரக் குடுத்து வாசிக்கிறாரு."

"அவரு எங்கியோ பக்கத்துத் தெருவுல ஊதறாருக்கா."

"பக்கத்துத் தெருவா? என் காதுக்குள்ள உக்காந்து ஊதறாரு!"

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டோம்.

மாறுதலை ரத்து செய்யக் கேட்டு ஆபீஸில் ஹேமலதா மேடத்திடம் போனேன். "இந்த எடத்துக்கு அவங்கவங்க அலையறாங்க, நீங்க வேணாங்கறீங்களே?" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "காரணத்த எழுதிக் குடுங்க." நான் 'பஸ்' என்று எழுதினேன். பிறகு அடித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அந்த பஸ்ல போறது புடிக்குங்க."

அவர் சிரித்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். தங்கமான மனுஷன்தான். கெட்டவராக இருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன். எல்லாரும் எனக்கு நல்லது செய்தே என்னை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஆம்பூரில் பஸ் ஏறியதும் தூபா சொன்னாள். "இன்னிக்கி நீ ஜன்னல்ல உக்காருக்கா. எனக்கு வாந்தி வந்தா உம்மேலதான்."

இடம் மாறினோம். அதனால் L அவளுக்கும் R எனக்கும் வந்தது. முதன்முதலில் கேட்ட ஆல்பத்தையே போட்டாள். எனக்குத் தாளம் கேட்டது, பியானோ கேட்டது. பெருமூச்சு மட்டும் வரவே இல்லை.

"தப்பான ஆல்பத்தப் போட்டுட்ட தூபா."

அவள் முகம் மாறியிருந்தது. "அக்கா, இவரு இவ்ளோ கிட்டயா இருந்தாரு?"

தன் காதில் இருந்ததைப் பிடுங்கி என் இடது காதில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டன. பெருமூச்சு வழக்கம்போல ஏறிப் போய், சொல்லாமல் திரும்பினார். அவர் விட்ட இடத்தில், வலது பக்கத்திலிருந்து பஞ்சாட்சரம் பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொன்னார். இரண்டு வருஷமாக அந்த மனுஷனுக்கு யாரும் துணையில்லை என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

"பழைய ரெக்கார்டுல ஆளுங்கள ரெண்டு பக்கமா பிரிச்சி வச்சிக்கிறாங்கக்கா. நாம பாதிப் பாதியா கேட்டுருக்கோம்!"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். "எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கேக்கணும்க்கா" என்று சொன்னவள் என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பஸ் மாதனூரைத் தாண்டிவிட்டிருந்தது; அடுத்து நான் இறங்கும் இடம்.

பள்ளிகொண்டாவில் இறங்கும்போது இயர்ஃபோனை என் கையில் திணித்தாள்.

இப்போது மத்தியானம் வீட்டுக்கு வந்து குழம்பு வைக்கிறேன். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் என் போன் என்னிடமே இருக்கிறது. முதல் நாள் இரண்டு காதிலும் மாட்டினேன். மாமியார் மூன்று தடவை கூப்பிட்டாராம். ஓடி வந்து என் தோளை உலுக்கி, "காதுக்கு இன்னாமா ஆச்சி?" என்றார். பாவம், பயந்துவிட்டார்.

அதனால் ஒன்றை மட்டும்தான் மாட்டுகிறேன். L-ஐத் தொங்கவிட்டுவிட்டு R-ஐ எடுத்துக்கொள்கிறேன். பெருமூச்சு எனக்கு மனப்பாடம். அவர் வாசிப்பதை நானே மனசுக்குள் ஊதிக்கொள்கிறேன். தூபாவின் பக்கத்திலிருந்து பஞ்சாட்சரம் பதில் சொல்கிறார்.

இடது காதில், "குழலி" என்று கேட்கிறது.

"தோ வர்றேன் அத்த."