ரெண்டு பேருமா எடுத்த உறை

காரின் பின்கதவைத் திறந்து, துணை மேலாளர் தன் ஆறு வயது மகளின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். வண்டி நிற்கும் கணத்தில் அவள் குதித்தாக வேண்டும். பெல்ட் ஓர் இடைஞ்சல். பக்கத்தில் மூன்று வயதுத் தம்பி இறுகக் கட்டுண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஓடப்போவதில்லை என்பதால் அவன் உயிருக்கு மட்டும் உத்தரவாதம் இருந்தது.

"பாப்புக்கு பெல்ட்ட போடுங்க" என்றாள் மனைவி, முன்சீட்டிலிருந்து திரும்பாமல்.

"அத அவுக்கறதுக்குள்ள சென்ட் போயிடுவான்."

சென்ட் என்பது விற்பனை மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர். அவர் ஏறி இறங்கிய லிஃப்டில் வெகுநேரம் யாரும் ஏறமாட்டார்கள். புதிதாகத் திறக்கப்போகும் கிளையின் தலைமை நாற்காலிக்கு அவரும் துணை மேலாளரும் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். இந்த நேரம் பார்த்து, பெயின்ட் கம்பெனி முதலாளி ஒரு கூட்டத்தில், குடும்பத்தை நடத்தத் தெரிந்தவனுக்குத்தான் கிளையை நடத்தத் தெரியும் என்று ஒரு தத்துவம் உதிர்த்தார். உதிர்ந்ததைப் பொறுக்கி எடுத்த நிர்வாகம், குடும்ப மோட்டார் புதையல் வேட்டை என்று ஒன்றை ஏற்பாடு செய்தது. எல்லோருக்கும் மஞ்சள் பனியன், மார்பில் 'நாம் ஒரே குடும்பம்'. ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்துக்கான குறிப்பைப் பிள்ளைகள் கையில்தான் கொடுப்பார்கள்; பெரியவர்கள் காரைவிட்டு இறங்கக் கூடாது. போட்டியில் மூர்க்கம் வந்துவிடக் கூடாதே என்று முதலாளியின் மனைவி யோசித்துப் போட்ட விதியாம்.

ஆகவே ஒரு வாரமாக வீட்டில் பயிற்சி நடந்தது. சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஓட்டம், சீட்டைப் பறித்தல், திரும்பி ஓட்டம். பாப்பு தடுக்கி விழுந்தபோது அவர் தூக்கவில்லை; விழுந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்.

முதல் இரண்டு இடங்களிலும் சென்ட்தான் முந்தினார். அதன் பிறகு துணை மேலாளர் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தவில்லை. ஒரு திருப்பத்தில் பக்கக் கண்ணாடி ஒரு சைக்கிள்காரரின் தோளில் மோதிச் சிதறியது. மனைவி அலறினாள். அந்த ஆள் எழுந்துவிட்டான், தானே பார்த்ததாகச் சொன்னார். பார்ப்பதற்குக் கண்ணாடியே இல்லை. தம்பி வாந்தி எடுத்தான். ஜன்னலை இறக்கிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார். காற்றில் காய்ந்துவிடும் என்றார்.

கடைசி இடம், மூடிக்கிடந்த ஒரு திரையரங்கின் வாசல். அலுவலக வரவேற்பாளினி ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை கட்டி, கடற்கொள்ளைக்காரி வேடத்தில், ஒரே ஒரு தங்க நிற உறையுடன் வெயிலில் நின்றிருந்தாள். அதை முதலாளி வீட்டில் சேர்ப்பவர்தான் வெற்றியாளர். இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் டயர் தேய வந்து நின்றன. பாப்பு ஓடினாள். சென்ட்டின் மகன் ஓடினான். இரண்டு கைகளும் உறைமேல் ஒன்றாக விழுந்தன.

இதற்கு மட்டும் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஊர்வலம்போல நடந்து வந்தார்கள்.

"அப்பா, நாங்க ரெண்டு பேருமா எடுத்தோம்" என்றாள் பாப்பு.

இரண்டு கார்க் கதவுகளும் திறந்தன. "சார், எறங்கக் கூடாது சார்" என்று வரவேற்பாளினி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சென்ட் தன் மகனைப் பனியனோடு பிடித்து இழுத்தார். துணை மேலாளர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார். முழங்கைக்குள் ஏதோ சொடுக்கியது. பையன் உறையை விட்டான். பாப்பு கையே விட்டுப்போனதுபோல நின்றாள்.

அதை அவர் கவனிப்பதற்குள் சென்ட்டின் முஷ்டி அவர் மூக்கில் இறங்கியது. அவர் சென்ட்டின் தலைமுடியைப் பற்றி முகத்தை பானெட்டில் மோதினார். இன்னொரு தடவை மோதினார். தகரம் நெளிந்தது. ஒரு பல் தரையில் விழுந்தது. எழ முயன்ற சென்ட்டை அவர் காலால் உதைத்தார், விலாவில், நிதானமாக, கூட்டங்களில் குறுக்கிட்டதற்கு ஒன்று, சிரித்ததற்கு ஒன்று என்று பாக்கி தீர்ப்பவரைப்போல. பையன் வீறிட்டு அழுதான். பாப்பு அழவில்லை. தொங்கும் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, கண் இமைக்காமல் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி இறங்கி மகளைத் தூக்கி உள்ளே உட்கார்த்தி, பெல்ட் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவர் ரத்தம் ஒழுகும் மூக்கோடு, கீழே கிடந்த உறையைப் பொறுக்கிக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்று ஆட்டிக் காட்டினார்.

"கெடச்சிருச்சு. முதலாளி வீட்டுல குடுத்துட்டு அப்படியே ஆஸ்பத்திரி போயிடலாம். பக்கந்தான்."

"தள்ளுங்க" என்றாள். "ஏத்திடுவேன்."

கல்யாணமான நாள் முதல் அவள் சொன்ன எதையும் அவர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. தள்ளினார்.

யாராவது கையைப் பிடித்து இழுத்தார்களா என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "அவங்கப்பா" என்றாள் தாய். டாக்டரம்மா சின்னக் கையைத் திருப்பி மடக்கினார். மூட்டு இடத்தில் உட்கார்ந்தது. இனிமேல் கையைத் தானாகத் தூக்கினால் வீட்டுக்குப் போகலாம், தூக்காவிட்டால் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்றார். பேனாவை நீட்டினார்கள். பொம்மையை நீட்டினார்கள். கை மடியிலேயே கிடந்தது. தாய் அந்தக் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் துணை மேலாளர் வந்தார், மூக்கில் பஞ்சோடு. உறையைச் சேர்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதலாளி தோளில் தட்டிக் கொடுத்ததை மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவள் திரும்பவில்லை. சரி, பிள்ளையிடம் சொல்லலாம் என்று குனிந்து, "என் சிங்கக்குட்டி" என்று அவள் தலையை வருடக் கையை நீட்டினார்.

பாப்புவின் இரண்டு கைகளும் மின்னல்போல எழுந்து முகத்தை மூடின. வலது முழங்கை முழுவதுமாக மடங்கி, உயர்ந்து நின்றது.

"வருதே" என்றார் டாக்டரம்மா. "நல்லா வருது."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார். பாப்பு கைகளை இறக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் தம்பி காலாட்டுவதை நிறுத்தி அக்காவைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அவனும் தன் குட்டிக் கைகளைத் தூக்கி, அதேபோல முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டான்.